தந்தை தொடங்கினார், மைந்தன் முடித்தார்

தகப்பன் தேடிய பொருளைப் பிள்ளைக்கு விட்டுச் செல்வது உலக வழக்கம். தம் கைத்தொழிலையே முதுசமாக விட்டுச் சென்ற ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகஞ் செய்கிறோம். அவர் பெயர் ரபாயேல் குவஸ்தவினோ.

1842இல் ஸ்பெயின் நாட்டின் வலென்சியாவிலே பிறந்த இவர், பார்சலோனாவிற் கட்டிடக் கலை பயின்று, அங்கு பெரிய நெசவாலையொன்றைக் கட்டிப் பேர்பெற்றார். மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காகப் பதித்து வளைவு எழுப்புவது அந்நாட்டுக் கொத்தர்களின் பழைய முறை. விரைவில் இறுகும் சாந்தினால் முதல் அடுக்கு ஒட்டப்படும். ஆகையால் வளைவைத் தாங்கப் பாரிய மரச்சட்டங்கள் தேவையில்லை. மேலடுக்குகளுக்குச் சீமெந்தைப் பயன்படுத்தி, அம்முறையைப் பலப்படுத்தினார் குவஸ்தவினோ.

1881இல், தம்முடைய பெயரையே தாங்கிய இளைய மகனுடன் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது, மகனோ சிறுவன். 1871இல் சிக்காகோவும் 1872இல் பொஸ்ரனும் தீக்கிரையானதைக் கண்டிருந்த அந்நாட்டவர், எரியாத கூரையைத் தேடிக்கொண்டிருந்தனர். 1889இல் பொஸ்ரன் பொது நூலகத்தின் வளைவுகளைக் கட்டும் வேலை கிடைத்தது. அதே ஆண்டில் குடும்ப நிறுவனமும் பிறந்தது. மகன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கட்டிடக் கலை படிக்கவில்லை. தந்தையின் வேலைத்தலமே அவருடைய கல்லூரி.

பின்னர் வட கரோலைனாவின் ஆஷ்வில் நகரில் மாளிகையொன்றின் வேலைக்குச் சென்ற தந்தை, அந்த மலைநாட்டை விரும்பி அங்கேயே வீடமைத்தார். அவ்வூர்க் கத்தோலிக்கரின் ஆலயம் சிறிதாயிருக்கக் கண்டு, புதிய ஆலயம் அமைக்க முன்வந்தார். 82 அடி நீளமும் 58 அடி அகலமுமான நீள்வட்டக் குவிமாடம். மர உத்திரமோ இரும்பு உத்திரமோ இல்லை. ஆனால், வேலை முடியுமுன் 1908இல் அவர் காலமானார்.

வாசகர்களே, மகன் என்ன செய்தார் தெரியுமா? 1909இல் அந்தப் புனித லோறன்சியார் ஆலயத்தைக் கட்டி முடித்தார். தந்தையின் உடல் அதற்குள்ளேயே அடக்கம் பெற்றது. அதே ஆண்டில் நியூயோர்க்கின் அங்கிலிக்கன் பேராலயமான புனித யோவான் ஆலயத்துக்கு 15 வாரங்களில் குவிமாடம் எழுப்பினார். தற்காலிகமாகக் கட்டப்பட்ட அது நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. குடியேறிகள் வந்திறங்கிய எலிஸ் தீவின் பதிவு மண்டபத்துக்கு 1918இல் ஓட்டு வளைவு அமைத்ததும் இந்தக் குடியேறிக் குடும்பமே. 1980களில் அம்மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள், 28,000க்கு மேற்பட்ட ஓடுகளில் 17ஐ மட்டுமே மாற்ற நேர்ந்தது.

ஆயினும் காலம் மாறிற்று. கொங்கிறீற்று மலிவாய் வந்தது. கைதேர்ந்த கொத்தரின் கூலியோ ஏறியது. 1943இல் மகன் நிறுவனத்தை விட்டு விலகி, 1950இல் மறைந்தார். 1962இல் நிறுவனமும் மூடப்பட்டது. ஏறக்குறைய 1,000 கட்டிடங்களில் அதன் கைவேலை உண்டு.

அவற்றுள் ஆஷ்வில் ஆலயம் 1993இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அங்கே செபிக்க வருவோரின் தலைக்கு மேல், தந்தை வரைந்து மைந்தன் முடித்த அந்தக் குவிமாடம் இன்றும் நிற்கிறது.