பேசக் கூச்சப்பட்ட பேராசிரியர்

மேல்வகுப்பில் இயற்பியல் படிக்கும் அண்ணன், அக்காவிடம் 'வீட்ஸ்டன் சமனச்சுற்று' பற்றிக் கேட்டுப் பாருங்கள், குட்டீஸ். அந்தப் பெயருக்குரிய சார்லஸ் வீட்ஸ்டன், 1802-ல் இங்கிலாந்தின் குளஸ்டர் அருகே பிறந்தார். குடும்பத் தொழில் இசைக்கருவி வியாபாரம். கான்சர்டினா என்னும் துருத்தி வாத்தியம் அவர் உருவாக்கியதே! 1834-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரானார். ஆனால், மேடையேறிப் பேசுவதென்றால் ஒரே கூச்சம். அவருடைய ஆய்வுகளை நண்பர் ஃபாரடேதான் பலமுறை சபையில் விளக்கினார்.

சரி, சுற்றுக்கு வருவோம். 10 வோல்ட் பேட்டரியின் மின்சாரம் இரு கிளைகளாகப் பிரிகிறது. கிளைக்கு இரண்டு மின்தடைகள். முதல் கிளையில் 100, 100 ஓம். அதன் நடுப்புள்ளியில் பாதி, அதாவது 5 வோல்ட். இரண்டாவதில் மேலே 100, கீழே 150. மொத்தம் 250 ஓம். 10 வோல்ட்டில் 250-க்கு 150 பங்கு என்றால் 6 வோல்ட். இரு நடுப்புள்ளிகளுக்கும் இடையே கிடைப்பது 1 வோல்ட். அந்த 150-ஐ 100 ஆக்கினால்? பூஜ்யம்! கால்வனோமீட்டர் முள் அசையாது. முள் நின்றதும், தெரிந்த மூன்று மின்தடைகளைக் கொண்டு தெரியாத நான்காவதைக் கணக்கிடலாம்.

இதை 1833-லேயே கண்டவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. என்னைப் போல ஒரு வாத்தியார், கணக்கு வாத்தியார். அப்போது கவனிப்பார் இல்லை. 1843-ல் வீட்ஸ்டன் இதைப் பயன்படுத்திக் காட்டியபோது, முதலில் கண்டவர் கிறிஸ்டிதான் என்று மறைக்காமல் எழுதினார். உலகம் கேட்டதா? வீட்ஸ்டன் பெயரையே ஒட்டிவிட்டது. அவர் 1875-ல் பாரிஸில் காலமானார்.