ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெயரைக் கேட்டறியாதார் அரியர். தோல் பதனிடும் தொழிலால் பேர்பெற்ற இராணிப்பேட்டையில், மிஷனெரி வைத்தியரான ஜான் ஸ்கடர் ஐயரின் புத்திரியாக 1870-ம் வருஷம் டிசம்பர் மாதம் 9-ம் தேதி அவர் பிறந்தார். அமெரிக்காவில் கல்வி பயின்றபின், நோயுற்ற தாயாருக்கு உதவியாகத் திண்டிவனம் வந்த அவருக்கு, இந்நாட்டில் தங்கும் எண்ணம் சிறிதும் இருந்ததில்லை.

ஓர் இரவு, பிரசவ வேதனைப்படும் தம் மனைவியரைக் காக்க வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். தந்தையார் வரச் சித்தமாயிருந்தும், ஆடவர் வைத்தியம் செய்தல் தங்கள் வழக்கத்திற்கு அடாதென்று அவர்கள் மறுத்தனர். மகளாரோ வைத்தியம் அறியார். பொழுது புலர்ந்தபின் அம்மூன்று பெண்களும் இறந்த செய்தியே வந்தது.

அத்துயரத்தால் மனம் மாறிய அம்மையார், 1899-ல் கார்னெல் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு ஊழியத்தைத் தொடங்கினார். 1902-ல் 40 கட்டில்கள் கொண்ட மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை எழுந்தது. ஆயினும், வைத்தியர் ஒரு கட்டிலினின்று மறு கட்டிலுக்குச் செல்ல வேண்டியவர். இராமுழுதும் நோயாளியின் அருகிருப்பவர் தாதியே. ஆதலின், 1909-ல் தாதிமார் பாடசாலையை நிறுவியதை அம்மையாரின் பெருஞ்செயல்களுள் ஒன்றாக நாம் எண்ணுகிறோம். 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பாடசாலையையும் அவர் தொடங்கினார். தாதிமார் பாடசாலை 1946-ல் பட்டமளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது.

தாதியின் விழிப்பு எத்தகைய காரியம் என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். கர்ப்பவதிக்கு இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்புக் காணுங்கால் மக்னீசியம் சல்பேட் செலுத்தப்படுகிறது. தாயைக் காக்கும் அம்மருந்தே, உடலில் மிகுமாயின் மூச்சை நிறுத்திவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும், சுவாசம் நிமிஷத்திற்கு 16-க்குக் குறையாதிருத்தல், முழங்காலைத் தட்டினால் கால் அசைதல், சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையாதிருத்தல் ஆகிய மூன்றையும் சோதித்தல் வேண்டும். ஒன்று தவறினும் மருந்தை நிறுத்தி வைத்தியருக்கு அறிவித்தல் கடன். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டுமிடத்தில் இருத்தலும் அவசியம். இன்னும், எம்மருந்தாயினும் ஆள், மருந்து, அளவு, வேளை, செலுத்தும் வழி ஆகிய ஐந்தையும் சரிபாராது கொடுத்தலாகாது.

அம்மையார் 1960-ம் வருஷம் மே மாதம் 24-ம் தேதி கோடைக்கானலில் தேகவியோகமானார். தாதித் தொழில் பயிலும் நம் சகோதர சகோதரிகள், நள்ளிரவில் கண்ணயர்வு மேலிடுங்கால், திண்டிவனத்தில் துணையின்றி மாண்ட அம்மூவரையும் நினைவு கூர்வாராக.