பார்பரா ஜோன்ஸ்: பதினாறு வயதில் ஒரு பாடசாலையையே வெளியே அழைத்து வந்தவர்

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஃபாம்வில் ஒரு சிறு நகரம். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென 1939இல் கட்டப்பட்டது மோட்டன் உயர்நிலைப் பாடசாலை. 180 பேருக்கான அந்தக் கட்டடத்தில் 1951இல் 450இற்கும் அதிகமானோர் படித்தனர். இடம் போதாதபோது, தார் பூசிய தாள் போர்த்திய மரக் கொட்டகைகளைத்தான் கல்விச் சபை போட்டுக் கொடுத்தது. மழைக்கு அவை ஒழுகின. விஞ்ஞான கூடமும் இல்லை, சிற்றுண்டிச்சாலையும் இல்லை. பெற்றோரும் அதிபரும் பலமுறை கேட்டும் பயன் கிடைக்கவில்லை.

பார்பரா றோஸ் ஜோன்ஸ் அப்பாடசாலை மாணவி. 1935இல் நியூயோர்க்கில் பிறந்து, வேர்ஜீனியாவில் வளர்ந்தவர். பெரியவர்கள் கேட்டுக் களைத்துப்போன இடத்தில், சக மாணவர்கள் சிலரை இரகசியமாகத் திரட்டினார்.

1951 ஏப்ரல் 23. மாணவர்கள் சிலர் நகரத்தில் சிக்கலில் மாட்டியிருப்பதாகத் தொலைபேசியில் சொல்லி அதிபரை வெளியே அனுப்பினர். அதிபரின் பெயரில் வகுப்புகளுக்குத் துண்டு போய், எல்லோரும் மண்டபத்தில் கூடினர். மேடைத் திரை விலகியபோது அங்கே நின்றவர் பார்பரா. அவரது பேச்சைக் கேட்ட மாணவர்கள் பாடசாலையை விட்டு வெளியேறினர். பகிஷ்கரிப்பு இரண்டு வாரம் நீடித்தது.

மாணவர்கள் முதலில் கேட்டது நல்லதொரு கட்டடம் மட்டுமே. உதவிக்கு வந்த சட்டத்தரணிகள் ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வூட் றொபின்சன் இருவரும், இன ஒதுக்கலையே எதிர்ப்பதானால்தான் வழக்கை ஏற்போம் என்றனர். பிள்ளைகளும் பெற்றோரும் இணங்கினர். 117 மாணவர்களின் பெயரில் வழக்குப் பதிவானது.

இதற்கிடையே பாடசாலை வளவில் சிலுவை எரிக்கப்பட்டது. அது கறுப்பினத்தவருக்கு விடுக்கப்படும் கொலை மிரட்டல். பிள்ளையின் உயிருக்குப் பயந்த குடும்பம், பார்பராவை அலபாமாவில் மதபோதகராக இருந்த உறவினர் வேர்ணன் ஜோன்ஸிடம் அனுப்பிவைத்தது. போராட்டத்தைத் தொடங்கியவர் மிச்சப் படிப்பை வேற்றூரில்தான் முடித்தார்.

கேட்ட கட்டடம் 1953இல் வந்தது. ஒதுக்கல் அப்படியே இருந்தது. 1954 மே 17இல், வேறு வழக்குகளோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இவ்வழக்கில், பாடசாலைகளில் இன ஒதுக்கல் சட்டவிரோதம் என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்ததால் நீதி வந்துவிடவில்லை. இரு இனப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்துவதைவிட, பாடசாலைகளையே மூடுவது மேல் என உள்ளூர் நிர்வாகம் 1959இல் முடிவெடுத்தது. வெள்ளையினப் பிள்ளைகள் தனியார் பாடசாலைக்குப் போயினர். கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஐந்து ஆண்டுகள் படிப்பை இழந்தனர். சிலர் தூரத்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்பே, 1964இல் கதவுகள் திறந்தன.

பார்பரா திருமணமாகி, ஐந்து பிள்ளைகளை வளர்த்து, பிலடெல்பியாவில் பாடசாலை நூலகராக அமைதியாக வாழ்ந்தார். 1991இல் புற்றுநோயால் காலமானார். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படைகளின் தளபதி றொபேர்ட் லீயின் சிலை, வேர்ஜீனியாவின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நெடுங்காலம் நின்றது. 2020இல் அது அகற்றப்பட்டது. அந்த இடத்துக்குத் தெரிவானவர் இந்த மாணவிதான்.