ஹார்மோனுக்குப் பெயர் வைத்தவர்



சாயங்காலம் மாடு படுத்துக்கிட்டு அசை போடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்க வீட்டுச் செவலைப் பசு வயிற்றுக்குள்ளே என்னதான் நடக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அதைத் தேடிப் படித்தபோதுதான் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற விஞ்ஞானியைப் பற்றித் தெரிந்தது.

ஸ்டார்லிங் 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். அவர் அப்பா வக்கீல். அவருக்கு வேலை நம் நாட்டில், பம்பாயில்! எப்போதாவதுதான் ஊருக்குப் போவாராம். பிள்ளைகளை அம்மாதான் வளர்த்தார். ஸ்டார்லிங் டாக்டருக்குப் படித்தாலும் அவர் மனசு ஆராய்ச்சியில்தான் இருந்தது. பேலிஸ் என்ற விஞ்ஞானி அவருடைய நண்பர். அவர் ஸ்டார்லிங்கின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். மச்சான்கள் இருவரும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்தார்கள்.

அப்போது ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற பெரிய விஞ்ஞானி இருந்தார். செரிமான நீர் சுரப்பதற்கு நரம்புகளே காரணம் என்று அவர் சொன்னார். பலரும் அதையே நம்பினார்கள்.

1902 ஜனவரி 16 அன்று, மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் இருவரும் நீக்கினார்கள். இரத்தக் குழாயை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தக் குடலில் அமிலம் ஊற்றினார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது! உடனே ஸ்டார்லிங் குடலின் உள்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி இரத்தத்தில் செலுத்தினார். மறுபடியும் சுரந்தது. அப்படியானால் செய்தி இரத்தத்தின் வழியாகவும் போகிறது! அந்தப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். நாயை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த ஊரிலும் இப்படிப்பட்ட சோதனைகளை எதிர்த்துப் பெரிய சண்டையே நடந்தது.

பாவ்லோவின் ஆய்வுக்கூடத்திலும் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அதே முடிவு வந்ததும் அவர் ஒத்துக்கொண்டார். 1905-இல் ஸ்டார்லிங் இந்த மாதிரிப் பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பெயரைச் சொன்னார். தூண்டுவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது.

அதே 1905-இல் எட்கின்ஸ் என்பவர் இரைப்பையிலிருந்து காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார். பலர் நம்பவில்லை. 1964-இல்தான் பன்றியின் இரைப்பையிலிருந்து அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். பாவம், எட்கின்ஸ் 1940-லேயே இறந்துவிட்டார்.

இப்போ நம்ம மாட்டுக்கு வருவோம். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் மூன்றில் அமிலம் சுரக்காது. நான்காவதான அபோமேசம்தான் நம்ம இரைப்பை மாதிரி. மேலேயிருந்து இரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகிட்டே இருப்பதால் அங்கே ராத்திரி பகலாக அமிலம் சுரக்கும். அதைத் தூண்டுவது காஸ்ட்ரின். அமிலம் சிறுகுடலுக்குப் போனதும் செக்ரிடின் கணையத்தை எழுப்பும். கணைய நீர் வந்து அமிலத்தைத் தணிக்கும். குடலில் அமிலம் அதிகமானால் அபோமேசம் சுரப்பதும் குறையும். வயிற்றில் சில வகைப் புழுக்கள் சேர்ந்தால் அமிலம் குறைந்து, காஸ்ட்ரின் ஏறி, மாடு ஆடுகள் சரியாகத் தின்னாது.

குடலை ஆராய்ந்த ஸ்டார்லிங்குக்குக் குடலிலேயே புற்றுநோய் வந்தது. 1920-இல் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை. 1927 மே 2 அன்று, ஜமைக்கா அருகே கப்பலிலேயே இறந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

நான் வகுப்பில் சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டேன், சிரிப்பாங்கன்னு பயம். பெரியவர் சொன்னதையே சோதித்துப் பார்த்தார் ஸ்டார்லிங். தப்பு என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டார் பாவ்லோவ். இரண்டையும் நாம் கத்துக்கணும். நாளையிலிருந்து நான் கை தூக்கப் போகிறேன். நீங்களும் தூக்குங்கள்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி