பூட்டுத் தொழிலாளியின் மைந்தர் அறிஞர் ஓம்

மின்னியல் கணக்கு எழுதும் மாணவர் அனைவரும் ஓம் என்னும் பெயரை எழுதுகின்றனர். அஃது ஒரு தொழிலாளி மகனின் பெயர் என அறிந்தோர் சிலரே. ஆகவே அவர்தம் வாழ்வை இம்மலரில் எழுத விழைந்தோம்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16 அன்று ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்பவர். தாயார் ஒரு தையற்காரரின் மகள். ஓமின் பத்தாம் வயதிலேயே அவர் மறைந்தார். முறையான கல்வி பெறாத தந்தையார் தாமே நூல்களைப் பயின்று, இரு மைந்தர்க்கும் கணிதத்தை வீட்டிலேயே கற்பித்தார். இளையவர் மார்ட்டினும் பின்னாளில் கணிதப் பேராசிரியரானார். கண்ணாடிமீது வண்ணக் கலவை ஊற்றித் தளக்கல் செய்யும் எம் ஆத்தங்குடிப் பெற்றோர்க்கு இச்செய்தியைத் தனியே சொல்ல விரும்புகின்றோம்.

1817இல் ஓம் கோலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். பட்டறையில் பழகிய கைகள் ஆய்வுக் கருவிகளைச் செய்ய உதவின. கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என ஆராய்ந்தார். மின்கலத்தின் அழுத்தம் நிலையாக நில்லாமையால் 1825இல் அவர் வெளியிட்ட முடிவு பிழையாயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப இரட்டையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான அழுத்தம் பெற்று, மீண்டும் அளந்தார். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிட்டும் என்னும் விதி தெளிவாயிற்று.

2 ஓம், 4 ஓம் தடைகளை 6 வோல்ட் மின்கலத்துடன் தொடராக இணைப்போம். மொத்தத் தடை 6 ஓம். மின்னோட்டம் 1 ஆம்பியர். அழுத்தம் 2 வோல்ட், 4 வோல்ட் எனப் பிரியும். பக்க இணைப்பிலோ இரண்டிற்கும் 6 வோல்ட் முழுமையாகக் கிட்டும். 3 ஆம்பியரும் 1.5 ஆம்பியரும் பாய, மொத்தம் 4.5 ஆம்பியராகும். பக்க இணைப்பிலும் தடைகளைக் கூட்டி 6 ஓம் என எழுதும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். சரியான விடை ஒன்றே கால் ஓமுக்குச் சற்று மேல், அதாவது 1.33 ஓம். திருவிழாச் சரவிளக்கில் ஒரு பல்பு பழுதானால் அச்சரமே அணைவதும், வீட்டில் ஒரு விளக்கு பழுதானாலும் மற்றவை எரிவதும் இவ்வேறுபாட்டினாலேயே.

1827இல் ஓம் தம் முடிவுகளை நூலாக்கினார். ஜெர்மானிய அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. பள்ளிப் பணியையும் துறந்தார். பெர்லினில் வாரத்திற்குச் சில மணி நேரக் கணித வகுப்பே பிழைப்பாயிற்று. 1833இல்தான் நூரம்பர்க்கில் நிலையான பணி அமைந்தது.

இலண்டன் ராயல் கழகம் 1841இல் காப்ளி பதக்கம் அளித்தது. இளமையில் விரும்பிய பேராசிரியர் பதவி 1852இல் மியூனிக்கில் வாய்த்தது. அப்போது அவர்க்கு வயது 63. ஈராண்டில், 1854 ஜூலை 6 அன்று மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு தடையின் அலகிற்கு அவர் பெயரையே சூட்டியது.