கோயிஸுமி குஞ்சி என்னும் மல்லாசிரியர்

வித்தை கற்றுப் புகழ்பெற்றோர் சரித்திரங்கள் உலகிற் பல உள. புகழ்பெற்ற பின்னர்த் தாம் கற்றதை ஒருபால் ஒதுக்கி, மீண்டும் மாணாக்கராய் அமர்ந்தோர் சரித்திரங்களோ மிகச் சிலவே. அச்சிலருள் ஒருவர், ஜப்பானிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து மறைந்த கோயிஸுமி குஞ்சி என்பார். கோயிஸுமி என்பது குடும்பப் பெயர். குஞ்சி என்பது பெற்றோர் இட்ட பெயர். ஜப்பானியர் குடும்பப் பெயரையே முன்வைத்து வழங்குவர். அவர்தம் ஆங்கில மாணாக்கர்களோ நம்மவர் போலவே முதலெழுத்துக்களைக் கொண்டு அவரை ஜி.கே. என்று அழைத்தனர். நம் சங்கத்து இளைஞர் பலர் உடற்பயிற்சியில் வேட்கையுடையர். அவர்தம் பெற்றோருட் பலர் அதனை வீண்பொழுது என்று கடிந்து வருகின்றனர். இரு திறத்தாரும் ஒருங்கே படித்தற்குரியது எனக் கருதி இதனை எழுதலானோம்.

தோக்கியோ நகருக்கு வடகிழக்கே இபராக்கி என்னும் நாட்டுப்புறம் உளது. ஆண்டு 1885, ஜூலை 8ஆம் நாள், அங்கே குத்தகை நிலம் உழுத ஓர் உழவருக்கு இரண்டாம் மகனாக இவர் பிறந்தார். மூத்த மகனுக்கே வீடும் நிலமும் உரியன என்பது அக்காலத்து ஜப்பானிய வழக்கு. இளையோர் தத்தம் வழியைத் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும். இவரும் அவ்வாறே தேடினார். பன்னிரண்டாம் வயதிற் பள்ளியிலே வாட்பயிற்சி தொடங்கிற்று. பதினைந்தாம் வயதில் ஊரை விட்டுத் தோக்கியோ சென்று தந்தித் தொழில் கற்றார்.

மல்வித்தை அவரை வந்தடைந்தது 1901-இல். தாகோ நொபுஷிகே என்னும் ஆசிரியரிடம் தெஞ்ஜின் ஷின்யோ என்னும் மரபிற்குரிய ஜுஜுத்ஸுவைப் பயிலத் தொடங்கினார். ஜூ என்பதற்கு மென்மை, வளைந்து கொடுத்தல் என்று பொருள். ஜுத்ஸு என்பது வித்தை. கையிற் படையின்றியே பகைவனைப் பற்றி வீழ்த்தலும், மூட்டை மடக்கலும், குரல்வளையை நெருக்கலும் இவ்வித்தையின் கூறுகள். நம்நாட்டு மல்லர் வலிமையை வலிமையால் எதிர்ப்பதையே பெரிதும் மதிப்பர். இவ்வித்தையோ தள்ளுபவனுக்கு இடங்கொடுத்து, அவன் தள்ளும் விசையினாலேயே அவனைச் சாய்ப்பது. பின்னர்க் கொரிய நாட்டு இருப்புப்பாதையில் தந்திப்பணி கிடைத்தது. அங்கும் யமாடா என்னும் ஆசிரியரை அடுத்துப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

ஆயினும் அக்காலத்து அவர் உள்ளத்தைக் கவர்ந்தது மல்வித்தை அன்று, மின்சாரம். அமெரிக்கா சென்று மின்சார நூல் கற்றல் வேண்டும் என்பதே அவர் கருத்து. கையிற் பொருளில்லை. ஆகவே கிழக்கே நேராகச் செல்லாமல் மேற்கு நோக்கிச் சுற்றி, இடையிடையே உழைத்து வழிப்பொருள் தேடிக்கொண்டு புறப்பட்டார். ஷாங்காய், ஹாங்காங், சிங்கப்பூர், இந்தியா என்று அவ்வழி நீண்டது. சிங்கப்பூரில் தங்கிய காலத்தும் அகிஷிமா என்னும் ஜப்பானிய ஆசிரியரைக் கண்டு அவர்பாற் பாடங் கேட்டார். ஊர் மாறுந்தோறும் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்ட இவ்வியல்பைப் படிப்போர் நினைவிற் கொள்வாராக. 1906 மே 4ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் வடகரையிலுள்ள மாஸ்டின் என்னும் சிறு துறையிற் கப்பலினின்று இறங்கினார். அப்போது அவருக்கு இருபத்தொன்று நிரம்பவில்லை.

இங்கிலாந்தில் அந்நாளில் ஜுஜுத்ஸு ஒரு வேடிக்கைப் பொருளாய் இருந்தது. தானி யுகியோ என்னும் ஜப்பானியர், 1900-இல் பத்தொன்பது வயதினராய் இலண்டனுக்கு வந்தவர், கேளிக்கை அரங்குகளில் மேடையேறி, தம்மோடு மல்லுக்கு நிற்க வல்லார் எவரேனும் உண்டோ என்று அறைகூவி வந்தார். அவர் உருவிற் சிறியர். அவரினும் எடைமிக்க ஆங்கில மல்லர் ஒருவர்பின் ஒருவராக மேடையேறி வீழ்ந்தனர். மக்கள் திரண்டு கண்டு களித்தனர், அரங்கத்தார் பொருளீட்டினர். கோயிஸுமியும் வந்த புதிதில் லிவர்ப்பூலில் ஒரு பள்ளியிற் கற்பித்தார். பின்னர் இலண்டனில் உயெனிஷி ஸதாகாஸு என்பாரின் பள்ளியிற் சேர்ந்து கற்பித்தார். எனினும் மின்சார ஆசை விடவில்லை. 1907 மே மாதம் அமெரிக்கா சென்று, நியூவார்க்கில் ஓர் இருப்புப்பாதைக் கம்பெனியில் மின்சாரப் பணி புரிந்தார். மூன்றாண்டு கழிந்து, 1910-இல் இலண்டனுக்கே திரும்பினார். மின்விளக்கு வாணிகம் ஒன்று தொடங்கிப் பார்த்தார், அது நிலைக்கவில்லை.

அதன்பின் அவர் மேற்கொண்ட தொழில் நமக்கு வியப்பளிப்பது. எபரி தெருவில் ஜப்பானிய மெருகு வேலைக்கென ஒரு தொழிற்கூடம் அமைத்தார். நம் நாட்டு அரக்கு ஒருவகைப் பூச்சியினின்று உண்டாவது. ஜப்பானியர் பூசுவதோ உருஷி என்னும் மரத்தைக் கீறி வடிக்கும் பால். அப்பால் உடலிற் படின் தோல் தடித்து அரிக்கும். அது வெயிலில் உலர்வதன்று; ஈரமும் வெம்மையும் பொருந்திய அறையிலேயே இறுகும். ஒரு பூச்சு இறுகியபின் அதனைத் தேய்த்து மெருகிட்டு மறுபூச்சு இடுவர், இவ்வாறு பலமுறை. விரைவு இங்கே பயன்படாது. இத்தொழிலில் அவர் எய்திய புலமை பெரிது. 1923-இல் இக்கலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையாரும் தம்மிடமுள்ள மெருகுப் பொருள்களுக்கு அட்டவணை வகுக்க அவரையே நாடினர். தந்தித் தொழிலாளி, மின்சாரப் பணியாளர், மெருகுக் கலைஞர், மல்லாசிரியர் என ஒருவரே நால்வராய் விளங்கினார். மல்வித்தையை விலைகூறி உண்ணாதிருக்க அவருக்கு இடமளித்தது இம்மெருகுத் தொழிலே.

முதல் உலகப்போர் இன்னும் ஓயாதிருந்த 1918 ஜனவரி 26ஆம் நாள், விக்டோரியா நிலையத்திற்கு அண்மையில், லோயர் கிராஸ்வெனர் பிளேஸ் 15ஆம் எண் கட்டிடத்தில், புடோக்வாய் என்னும் மன்றத்தைத் திறந்தார். மறநெறிக் கழகம் என்பது அப்பெயரின் பொருள். கட்டிடத்தைக் குடிக்கூலிக்கு அமர்த்தியதும், அதனைப் பயிற்சிக்கூடமாக்கியதும் அவர் கைப்பொருளே. சங்கம் நடத்தும் நம் அன்பர்களுக்குக் குடிக்கூலி என்னும் சொல்லின் கனம் நாம் விரித்துரைக்க வேண்டுவதின்று. தலைமையாசிரியராக அவர் அமர்த்தியது மேலே கூறிய தானியையே. தாம் நிறுவிய மன்றத்தில் தம்மினும் கைதேர்ந்தவரை முன்னிருத்தித் தாம் பின்னிற்றல் எல்லார்க்கும் இயல்வதன்று. மன்றத்தினின்று ஊதியம் பெறும் எண்ணம் கோயிஸுமிக்கு இல்லை.

இனி நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம். 1920 ஜூலையில் கானோ ஜிகோரோ இலண்டனுக்கு வந்தார். கானோ 1860-இற் பிறந்தவர். நம்மைப்போல் ஆசிரியத் தொழிலர். தோக்கியோவிலுள்ள உயர்தர ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு நெடுங்காலம் தலைவராய் இருந்தவர். பழைய ஜுஜுத்ஸு மரபுகள் சிலவற்றைத் தாமே கற்று, இன்றியமையாதவற்றைத் தெரிந்தெடுத்து, ஊறு விளைப்பனவற்றை நாட்பயிற்சியினின்று விலக்கி, 1882-இல் ஒரு புத்தர் கோயிலிற் சில மாணாக்கரோடு கொடோகன் என்னும் கழகத்தைத் தொடங்கினார். தம் முறைக்கு அவர் ஜூடோ எனப் பெயரிட்டார். டோ என்பது நெறி. வித்தை என்னுஞ் சொல்லை விடுத்து நெறி என்னுஞ் சொல்லைப் பெய்ததிலேயே அவர் கருத்து முழுதும் அடங்கியுள்ளது. பகைவனை வெல்லுதல் அவருக்குச் சிறுபயன். உடலையும் உள்ளத்தையும் செம்மை செய்தலே பெரும்பயன்.

பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரில் நிகழவிருந்த ஒலிம்பிக் விழாவிற்குச் செல்லும் வழியிலேயே கானோ புடோக்வாய்க்கு வந்தார். கோயிஸுமிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. இருபதாண்டுக்காலம் பல ஆசிரியர்பால் பயின்றவர், மன்றத்தின் நிறுவுநர். தானியோ இருபதாண்டு மேடைகளில் வாகை சூடியவர். இவ்விருவரும் கானோவின் முறையே மேலானது என்று ஒப்பி, தம் பழைய மரபை விடுத்து அவர் நெறியிற் புகுந்தனர். கானோ அவ்விருவர்க்கும் இரண்டாம் படியை அளித்தார். கொடோகன் வகுத்த படிகளில் கருங்கச்சை கட்டுவோர்க்கு உரியன பத்து. அவற்றுட் கீழிருந்து இரண்டாவது அது. இலண்டன் முழுதும் ஆசிரியரென்று அறிந்திருந்த இருவர் இளைஞர்க்குரிய அப்படியை ஏற்றுக்கொண்டனர். மன்றம் அன்றுமுதல் ஜூடோ மன்றம் ஆயிற்று. கானோவுடன் வந்த ஐடா ஹிகோயிச்சி என்பார் சிலகாலம் அங்கேயே தங்கிக் கற்பித்தார். நிறுவுநரும் மற்றவரோடு பாயில் நின்று அவரிடம் கற்றார்.

இதனை எழுதுங்கால் நாம் நம்மை நினையாதிருத்தல் கூடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நாம் ஒரு புணர்ச்சி விதியைத் தவறாக உரைத்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து பணிவுடன் அதனைச் சுட்டினான். அவன் கூறியதே சரி. நாமோ அதனை ஒப்புக்கொள்ள மறுநாள் வரை எடுத்துக்கொண்டோம். ஒரு விதிக்கே இவ்வளவு! இருபதாண்டுக் கல்வியைக் கீழே வைத்தவர் நெஞ்சம் எத்தகையது என்று அன்பர்களே அளந்துகொள்க.

ஜூடோவில் முதற்பாடம் வீழ்த்துதல் அன்று, வீழ்தல். பின்னும் பக்கத்திலும் ஊறின்றி விழவும், விழும் கணத்திற் கையினாற் பாயை அறைந்து விசையைச் சிதறச் செய்யவும் முதலிற் பழகுவர். அதன்பின்னரே எதிரியின் நிலைகுலைத்து எறிதல். இப்பாடத்தைக் கோயிஸுமி மருத்துவர், எழுத்தர், தொழிலாளர், மகளிர் என்னும் வேறுபாடின்றி எல்லார்க்கும் கற்பித்தார். பயில்வோர் தம் வளர்ச்சியைத் தாமே காணுமாறு பல நிறக் கச்சைகள் 1920-களிலேயே அம்மன்றத்தில் வழங்கின. அங்குப் பயின்ற ஸாரா மேயர் என்னும் ஆங்கில மாது ஜப்பான் சென்று, 1935-இற் கருங்கச்சை பெற்றார். ஜப்பானியரல்லாத பெண்டிருள் அதனைப் பெற்ற முதல்வர் அவரே. 1929-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மன்றத்தாரோடு போட்டி நிகழ்ந்தது. 1933-இற் கானோ மீண்டும் வந்தபோது அவர் தொட்ட செடி மரமாகியிருக்கக் கண்டார். அவர் 1938 மே மாதம் கப்பற் பயணத்திற் காலமானார்.

1941 டிசம்பரில் ஜப்பானும் பிரிட்டனும் பகை நாடுகளாயின. பகைநாட்டாரைச் சிறைக்காவலில் வைத்தல் போர்க்கால வழக்கு. ஆயினும் கோயிஸுமி சிறைப்படாமல் வெளியே வாழ விடப்பட்டார். மன்றத்துப் பாயில் ஆங்கில இளைஞர் ஜப்பானிய ஆசிரியரை வணங்கிப் பயிற்சி தொடங்கும் வழக்கமும் ஒழியவில்லை. இதன் மறுபக்கத்தையும் காண்க. அவர் மாணாக்கர் டிரெவர் லெகெட் அப்போது தோக்கியோவிற் பிரிட்டிஷ் தூதரகப் பணியிலிருந்தார். அவரை ஜப்பானியர் காவலில் வைத்து, மறு ஆண்டு கைதிமாற்றத்தில் விடுத்தனர். இந்த லெகெட் பிற்காலத்தில், யோக சூத்திரத்திற்குச் சங்கரர் பெயரால் வழங்கும் விவரணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்பது நம் அன்பர்க்கு உவப்பளிக்கும்.

போர் ஓய்ந்தபின் அறுவடைக் காலம். 1948 ஜூலை 24ஆம் நாள் பிரிட்டிஷ் ஜூடோ சங்கம் தோன்றிற்று. கோயிஸுமி அதன் முதல் தலைவர். நான்கே நாள் கழித்து, 28ஆம் நாள், ஐரோப்பிய ஜூடோ ஒன்றியம் இலண்டனிலேயே அமைந்தது. பக்கவாதத்தால் 1937-இல் தளர்ந்த தானி, எறிந்து பயிற்றுதல் இயலாமற் போன பின்னும் மன்றத்தை விட்டு நீங்காது, பாயின் ஓரத்தில் அமர்ந்து திருத்தங் கூறி வந்தவர், 1950 ஜனவரி 24ஆம் நாள் மறைந்தார். மேடை மல்லராய்ப் பொருளுக்கு வித்தை காட்டத் தொடங்கிய ஒருவர் இவ்வாறு முடிந்ததில் அவரை அழைத்து வந்தவர்க்கும் பங்குண்டு என்பது நம் கருத்து.

கோயிஸுமி அதன்பின்னும் பதினைந்தாண்டு வாழ்ந்தார். 1960-இல் தம் பயிற்சியனுபவத்தைத் திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். போட்டியும் பரிசுமே பெரிதாகி நெறி பின்தங்குமோ என்னும் கவலை அவருக்கு இருந்தது. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் ஜூடோ முதன்முறை இடம்பெற்றது. எடைவரம்பில்லாப் பிரிவில் ஹாலந்து நாட்டு ஆன்டன் கேசிங்க் ஜப்பானிய வீரரை அவர்தம் தலைநகரிலேயே வென்றார். ஜப்பானியர் பலர் கண்ணீர் விட்டனர். ஐரோப்பாவில் அவ்வித்தையை விதைத்தவருள் ஒருவரான முதியவர் அச்செய்தியை இலண்டனில் எவ்வுணர்வுடன் கேட்டிருப்பார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

அடுத்த ஆண்டு, 1965 ஏப்ரல் 15ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே நீத்தார். மாணாக்கர் திகைத்தனர். ஜப்பானியப் பழமரபின்வழி இதற்கு அமைதி கூறியோரும் உளர். நாம் அவ்வமைதியை ஏற்கிலோம். அவர் இன்னும் சிலகாலம் பாயோரத்தில் அமர்ந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றே நம் நெஞ்சம் கூறுகின்றது. இளைஞர் படிக்கும் இதழென்று இதனை மறைத்தலும் தகாது எனக் கருதினோம்.

இறந்தபோது அவர் எட்டாம் படியில் இருந்தார். 1954-இல் இலண்டன் கில்ஸ்டன் சாலையிலுள்ள கட்டிடத்திற்குக் குடிபுகுந்த புடோக்வாய் மன்றம் இன்றும் அங்கே நடைபெற்று வருகின்றது. அங்கும் புதிதாய்ச் சேர்பவர் முதலிற் கற்பது வீழ்தலே.