டஸ்கீகி கண்ட புக்கர் வாஷிங்டன்

நம் சங்கம் இரவுப் பாடசாலையோடு நில்லாமல் தச்சுக்கும் தையலுக்கும் மின்கம்பி வேலைக்கும் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கியபோது, பெற்றோர் சிலர் மனங்கசந்து நம்மிடம் வந்தனர். தலைமுறை தலைமுறையாய் உடலுழைப்பிலேயே நைந்துபோன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மீண்டும் உளியும் கத்தரிக்கோலும்தானா என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வியில் நியாயம் இருந்தது. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தத்தம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்ததையும், அது குலக்கல்வியே என்று மக்கள் எதிர்த்து நின்று 1954இல் அதனை நீக்கச் செய்ததையும் நம்முள் மறந்தவர் யாருமிலர்.

இதே கேள்வியை 1881ஆம் ஆண்டில், கடலுக்கப்பால், நம்மைப் போன்றே மிதிபட்டுக் கிடந்த மக்களின் நடுவே நின்று எதிர்கொண்டவர் புக்கர் டி. வாஷிங்டன் என்னும் பெருமகனார். அவர் தந்த விடையில் நாம் ஏற்பதும் உண்டு. ஏற்க இயலாததும் உண்டு. ஆதலின் அவர்தம் வரலாற்றைச் சற்று விரிவாகவே இவ்வெள்ளிவிழா மலரில் எழுதப் புகுந்தோம்.

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹேல்ஸ் ஃபோர்டு என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணையில் 1856ஆம் ஆண்டு புக்கர் அடிமையாகப் பிறந்தார். தாயார் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. தந்தை ஒரு வெள்ளையர்; அவர் இன்னார் என்பதை மகன் இறுதிவரை அறிந்திலர். மண்தரை கொண்ட ஓரறைக் குடிசையில் கந்தைகளை விரித்து உறங்கிய குடும்பம் அது. 1861இல் பண்ணை உரிமையாளர் இறந்தபின் சொத்துக்கணக்கு எடுத்தார்கள். மாடுகளோடும் ஏர்க்கருவிகளோடும் சிறுவன் புக்கரின் பெயரும் அப்பட்டியலில் ஏறியது. மதிப்பு 400 டாலர். பண்ணையார் வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூட வாயில்வரை போய்த் திரும்பும் வேலையும் அச்சிறுவனுக்கு இருந்தது. வாயிலுக்கு அப்பால் அவன் கால்வைக்க வழியில்லை. இவ்வரியைப் படிக்கும் நம் பெரியவர்கள் பலருக்குத் தத்தம் பள்ளி வாயில் நினைவுக்கு வரும்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே உப்புக் காய்ச்சும் உலைக்களத்தில் மாற்றாந்தந்தைக்கு வேலை. சிறுவனும் விடியுமுன்னே எழுந்து உலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. மாற்றாந்தந்தை நிரப்பிய பீப்பாய்களின்மேல் இட்ட அடையாள எண் 18. அவர் வாசிக்கக் கற்ற முதல் எழுத்து அதுவே. பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தார். விடியற்காலை முதல் ஒன்பது மணிவரை உலையில் உழைத்துவிட்டே பள்ளிக்கு ஓடினார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருக்கக் கண்டு, தமக்கும் வாஷிங்டன் என்று ஒரு பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார்.

சுரங்கத்தில் இருவர் பேசிக்கொண்டதைக் கேட்டே, வர்ஜீனியாவின் கடற்கரையில் ஹாம்ப்டன் என்னும் பள்ளி இருப்பதை அவர் அறிந்தார். போர்ப்படைத் தளபதியாயிருந்த சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் என்பவர் 1868இல் நிறுவியது அப்பள்ளி. ஏழை மாணவர் அங்கேயே உழைத்து உணவுச் செலவை ஈடு செய்துகொள்ளலாம். 1872இல், பதினாறாம் அகவையில், புக்கர் ஏறத்தாழ 500 மைல் தொலைவுள்ள அவ்விடத்துக்குப் புறப்பட்டார். கையிலிருந்த காசு வழியிலேயே தீர்ந்தது. ரிச்மண்டு நகரில் பலகை நடைபாதையின் அடியில் இரவுகளைக் கழித்து, பகலில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிக் கூலி பெற்று, ஐம்பது சென்ட்டு மிச்சத்தோடு ஹாம்ப்டனை அடைந்தார். அழுக்கேறிய உடையோடு நின்ற அவரைத் தலைமை ஆசிரியை நெடுநேரம் காத்திருக்கச் செய்து, பின்னர் ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார். அவர் மும்முறை பெருக்கி, நான்கு முறை துடைத்தார். அம்மையார் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தடவிப் பார்த்துத் தூசி காணாது அவரைச் சேர்த்துக்கொண்டார். துடைப்பத்தைப் பிறப்போடு பிணைத்து வைத்த நாட்டில் வாழும் நமக்கு இக்கதை இனிப்பதில்லை. புக்கர் அதனைத் தம் வாழ்நாளின் சிறந்த தேர்வாகவே கருதினார் என்பதை மட்டும் குறித்து மேற்செல்கிறோம்.

1875இல் தேர்ச்சி பெற்று, மால்டனில் சில ஆண்டு ஆசிரியராயிருந்து, பின் ஹாம்ப்டனிலேயே பணிபுரிந்தார். அந்நாளில் அலபாமா மாநிலத்து டஸ்கீகியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அதன் பின்னணி நாம் ஊன்றி நோக்கத் தக்கது. அவ்வூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் இருந்தார். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர், தகர வேலையும் செருப்புத் தொழிலும் சேணத் தொழிலும் கற்றவர். தேர்தலில் நின்ற வெள்ளையர் ஒருவர் கறுப்பின மக்களின் வாக்கை வேண்டி அவரிடம் வந்தார். ஆடம்ஸ் தமக்கென்று எதுவும் கேளாமல், தம் மக்களுக்கு ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி கேட்டார். அவ்வாறே ஆண்டுக்கு 2,000 டாலர் சட்டமன்றத்தில் ஒதுக்கப்பட்டது. ஆக, அப்பள்ளி வாக்குச்சீட்டிலே பிறந்த பள்ளி. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

அத்தொகை ஆசிரியர் ஊதியத்துக்கு மட்டுமே. நிலமுமில்லை, கட்டடமுமில்லை. 1881 சூலை 4ஆம் நாள், தேவாலயத்தை ஒட்டிய பாழடைந்த கொட்டகையில் 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. மழை நாளில் கூரை ஒழுகும். ஆசிரியர் தலைக்கு மேல் ஒரு மாணவர் குடை பிடிக்கப் பாடம் நடக்கும். சின்னாளில், வீடு எரிந்துபோய்க் கைவிடப்பட்டுக் கிடந்த 100 ஏக்கர் பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. ஹாம்ப்டனின் பொருளாளர் தம் சொந்தப் பணத்தில் 250 டாலர் கடன் தந்தார். உடன் ஆசிரியையாயிருந்த ஒலிவியா டேவிட்சன் அம்மையார் வீடுவீடாய்ச் சென்று விருந்துகள் நடத்திப் பொருள் திரட்டினார். அடிமைகள் உழைத்த பண்ணையே அடிமைகளின் மக்களுக்குப் பள்ளியாயிற்று.

இங்கேதான் அக்கேள்வி எழுந்தது. காடு வெட்டிக் கழனி திருத்த வேண்டுமென்று புக்கர் சொன்னதும் மாணவர்கள் முகஞ்சுளித்தனர். முந்நூறு ஆண்டுக்குச் சற்றே குறைய இவ்வினம் செய்த வேலை அதுதானே! மகனைப் புத்தகம் படிக்கவன்றோ அனுப்பினோம் என்று பெற்றோர் முறையிட்டனர். புக்கர் வாதாடவில்லை, தாமே கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். மாணவர்கள் பின்தொடர்ந்தனர்.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். ஊரில் சூளையில்லை. நாமே அறுப்போம் என்று முடிவாயிற்று. முழங்காலளவு சேற்றில் நின்று மண் பிசையும் வேலை அது. மாணவர் சிலர் அதனைக் கண்டு பள்ளியைவிட்டே நீங்கினர். எவருக்கும் முன்னறிவில்லை. ஏறத்தாழ 25,000 கல் அறுத்து அடுக்கிய முதற் சூளை சரியாக அமையாமையால் கல் வேகவில்லை. இரண்டாவதும் வீணாயிற்று. மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்து, இன்னும் சில மணி நேரத்தில் கல் கிடைக்கும் என்றிருந்த நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் காசில்லை, ஆசிரியர்கள் கைவிடச் சொன்னார்கள். புக்கர் தம் கடிகாரத்தை மாண்ட்கோமரி நகர அடகுக் கடையில் 15 டாலருக்கு வைத்துவந்து நான்காம் சூளையை மூட்டினார். கல் வெந்தது. கடிகாரத்தை மீட்கும் கெடு அதற்குள் கடந்துவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின், ஒரே பருவத்தில் மாணவர்கள் அறுத்த கல் பன்னிரண்டு லட்சம். பள்ளியை வெறுத்த வெள்ளையரும் நல்ல கல் வேண்டி வாயிலில் வந்து நின்றனர்.

குலத்தொழிலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். குலத்தொழிலில் பிள்ளை தந்தையின் கருவியையும், தந்தை பெற்ற கூலியையும், தந்தை பெற்ற வசையையும் சேர்த்தே பெறுகிறான். டஸ்கீகியில் தொழிலைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை. சூளையில் நின்ற மாணவரே வகுப்பில் கணக்கும் வரைபடமும் மண்ணியலும் கற்றார். விற்ற கல்லின் விலை பள்ளிக்கே வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தேர்ந்த முதற் கறுப்பினக் கட்டடக் கலைஞர் இராபர்ட் டெய்லர் அங்கு வந்து கட்டடங்களை வரைந்தார். 1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வந்து வேளாண்மைத் துறையை ஏற்றார். 1906இல், பள்ளிக்கு வர இயலாத உழவர்களுக்காகக் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிய வண்டி ஒன்று சிற்றூர்தோறும் செல்லலாயிற்று. மாணவர் தாமே செய்த முதல் நாற்காலிகள் ஆடின, கட்டில்கள் முறிந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புக்கரே அதனை மறைக்கவில்லை.

சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் கொடையால், 1913 முதல் 1914 வரை டஸ்கீகியைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஆறு சிறு பள்ளிகள் எழுந்தன. புக்கரின் மறைவுக்குப் பின்னும் அவ்வேலை தொடர்ந்து, 1932க்குள் தென்மாநிலங்களில் 4,977 பள்ளிகளும் 163 தொழிற்கூடங்களும் அமைந்தன. இவற்றுக்குக் கறுப்பின மக்கள் தாமே காலணா காலணாவாய்த் திரட்டியது ரோசன்வால்டு தந்ததைவிடச் சற்று மிகுதி. இச்செய்தி நம் சங்கத்தின் பொருளாளருக்கு மிகவும் உவப்பானது.

இனி, நாம் ஏற்க இயலாத பகுதி. 1895 செப்டம்பரில் அட்லாண்டா கண்காட்சி மேடையில் பேசிய புக்கர், அரசியல் உரிமைக்கும் சமூக சமத்துவத்துக்கும் இப்போது போராட வேண்டா, தொழிலும் பொருளும் முதலில் வரட்டும் என்னும் கருத்துப்பட உரைத்தார். வெள்ளையர் ஆரவாரித்தனர், புகழும் கொடையும் பெருகின. 1901இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். அதே ஆண்டில் அலபாமா புதியதோர் அரசியல் சட்டம் இயற்றிக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆண்கள் வாக்களிக்கும் வயதிலிருந்த இனத்தில் 1903இல் பட்டியலில் எஞ்சியோர் மூவாயிரத்துக்கும் குறைவு. லூயிஸ் ஆடம்ஸ் எதனைக் கொடுத்துப் பள்ளியைப் பெற்றாரோ, அந்த வாக்கே போயிற்று. செங்கல் வீடு கட்டியவனை அவ்வீட்டைவிட்டுத் துரத்தும்போது தடுக்கச் சட்டமன்றத்தில் ஒரு குரலுமில்லை. இதனை டு பாய்ஸ் என்னும் பேரறிஞர் 1903இல் நூலெழுதி இடித்துரைத்தார். இவ்வழக்கில் நம் மனம் டு பாய்ஸ் பக்கமே சாய்கிறது.

ஆயினும் புக்கரை அஞ்சி ஒடுங்கியவர் என்று தள்ளிவிடுவதும் தகாது. வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம்வரை சென்ற வழக்குகளுக்கு அவர் தம் பெயர் வெளிவராமல் பொருளுதவி செய்துவந்தார் என்பது, அவர்தம் கடிதங்களை ஆராய்ந்தோரால் நெடுங்காலம் கழித்தே தெரியவந்தது. கொலைக்கும் தீவைப்புக்கும் நடுவே பள்ளியைக் காத்துநின்றவர் மேடையில் ஒன்றும் மறைவில் ஒன்றுமாய் நடந்தார். அவர் நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று சொல்வது எளிதன்று.

இல்லற வாழ்வில் துயரம் மிகுதி. முதல் மனைவி ஃபேனி 1884லும், பின்னர் மணந்த ஒலிவியா 1889லும் மறைந்தனர். 1893இல் மணந்த மார்கரெட் முர்ரே அம்மையார் இறுதிவரை துணையாய்ப் பள்ளிப்பணி ஆற்றினார்.

1915 நவம்பரில் நியூயார்க் நகரில் புக்கர் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். அம்மருத்துவமனைக்குச் சில தெருக்கள் தள்ளியிருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்போது இருபத்துநான்கு வயது மாணவராய்ப் பயின்றுகொண்டிருந்தார் நம் அண்ணல் அம்பேத்கர். பிற்காலத்தில், 1946இல், அண்ணல் கடிதம் எழுதியது டு பாய்சுக்கே.

பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் கூறியதும், தென்னாட்டிலே பிறந்தவன் அங்கேயே சாகவேண்டும் என்று புக்கர் பிடிவாதமாய்த் தொடர்வண்டி ஏறினார். டஸ்கீகியை அடைந்த சில மணி நேரத்தில், நவம்பர் 14ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் அகவையில் உயிர் நீத்தார். முப்பது பேரோடு தொடங்கிய பள்ளியில் அப்போது ஆயிரத்து ஐந்நூறு மாணவர் பயின்றனர். கட்டடங்கள் நூற்றுக்கு மேல். வளாகம் முழுவதையும் நோக்கும் ஒரு மேட்டில், மாணவர்கள் கட்டிய செங்கற் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.